மழைக் கணக்கை அட்டவணையில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள்வாரி மழையளவை, தரவுகளை அலச உதவும் ஆர் நிரல்மொழிக்கோ பைதான் மொழியின் பாண்டாஸ் தொகுப்புக்கோ கொடுப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: ஒரு வரியில் ஒரு இடம், ஒரு தேதி, ஒரு அளவு. எக்செல்லில் வருடத்தைக் கீழ்நோக்கியும் மாதங்களைப் பக்கவாட்டிலும் போட்டுத்தான் நமக்குப் பழக்கம். படிக்க வசதிதான். ஆனால் நிரலுக்கு 'ஜனவரி' என்பது வெறும் நெடுவரிசைப் பெயர். டிசம்பருக்கு அடுத்த மாதம் கீழ் வரியின் தொடக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியாது.

அப்புறம் தேதி. ஆரில் 03/04/2015 என்பதை வடிவம் சொல்லாமல், எழுத்தைத் தேதியாக மாற்றும் ஆஸ்.டேட்டிடம் (as.Date) கொடுத்துப் பாருங்கள். பிழை எதுவும் காட்டாமல், கி.பி. 3ஆம் ஆண்டு ஏப்ரல் 20 என்று திருப்பித் தரும். பாண்டாஸ் அதையே மார்ச் 4 என்று படிக்கும். நாம் எழுதியதோ ஏப்ரல் 3. முதலிலேயே 2015-04-03 என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வருடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆருடன் வரும் 'ஏர்குவாலிட்டி' (airquality) என்ற மாதிரி அட்டவணையில் நியூயார்க்கின் 153 நாள் காற்றுத் தர அளவுகள் உள்ளன. மாதம், நாள் இரண்டுக்கும் நெடுவரிசை உண்டு, வருடத்துக்கு இல்லை. அது 1973 என்பதை உதவிப் பக்கத்தில்தான் பார்க்க முடியும்.

என்னை அதிகம் படுத்திய தவறு வேறு. 'நேற்றைய மழை' என்று ஒரு நெடுவரிசை வேண்டுமென்று லேக், ஷிஃப்ட் போடுகிறோம். அவை சாதாரணமாக எடுப்பது மேல் வரியை, முந்தைய நாளை அல்ல. சென்னையின் இரு வானிலை நிலையங்களை ஒரே அட்டவணையில் வைத்திருந்தால், நுங்கம்பாக்கம் முடிந்து மீனம்பாக்கம் தொடங்கும் இடத்தில், மீனம்பாக்கத்தின் முதல் நாளுக்கு நுங்கம்பாக்கத்தின் கடைசி நாள் மழை வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் 3 நாள் பதிவு இல்லையென்றால், 4 நாள் பழைய மழை நேற்றையதாகிவிடும். ஆகவே நிலையவாரியாகப் பிரித்து, தேதிப்படி அடுக்கி, விட்டுப்போன தேதிகளுக்கும் வரி சேர்த்த பிறகே லேக் போடுங்கள். அந்த வரிகளில் 0 போடாதீர்கள், காலியாகவே இருக்கட்டும். மழை பெய்யாததும் அளக்காமல் விட்டதும் ஒன்றல்ல.

இன்னொன்று, எந்த நாள் என்பது. இந்திய வானிலைத் துறையின் நாள்வாரி மழையளவு, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. சென்னை வெள்ளத்தின்போது தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. மழை, 2015 டிசம்பர் 2 காலை அளந்தது. அதில் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று கொட்டிய மழை. இதை நள்ளிரவிலிருந்து நாளைக் கணக்கிடும் ஏரி நீர்மட்டத்தோடு தேதியை மட்டும் வைத்து இணைத்தால், வெள்ளம் மழைக்கு முன்பே வந்ததுபோலத் தெரியும். தேதிக்குப் பதில் '2015-12-02 08:30, இந்திய நேரம்' என்று அளவு முடிந்த நேரத்தையே நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.