இருமல் டானிக் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

“இருமலுக்கு ஒரு நல்ல டானிக் குடுங்க.” மெடிக்கல் ஷாப்பில் பத்து நிமிடம் நின்றால் இந்தக் குரலை இரண்டு முறையாவது கேட்கலாம். சளியோடு வருகிற இருமலா, வறட்டு இருமலா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டும். கூட்ட நேரத்தில் அது விட்டுப்போகிறது. நாமும் சொல்வதில்லை. கைக்கு எட்டிய பாட்டில் பையில் விழுகிறது.

இரண்டுக்கும் மருந்து வேறு. நெஞ்சில் கட்டியிருக்கும் சளியை இளக்கி வெளியே கொண்டுவரும் மருந்துகள் ஒரு வகை: குவைஃபெனசின், அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் போன்றவை இன்னொரு வகை. மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தையே அடக்கிவைப்பவை. சளி நிறைய இருக்கும்போது இருமலை அடக்கினால் அந்தச் சளி வெளியே வர வழியில்லை, நெஞ்சிலேயே தங்கிவிடும். இருமல் தொல்லைதான், ஆனால் சளியை வெளியே தள்ளுகிற வேலையை அதுதான் செய்கிறது.

குழப்பம் அதிகமாக நடப்பது பெயரில். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. பெயருக்குப் பின்னால் எல்எஸ், டி, டிஎக்ஸ் என்று ஒட்டியிருக்கும் எழுத்து மட்டும் மாறும். அந்த எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும். ஒன்று சளியை இளக்கும், இன்னொன்று இருமலை அடக்கும். “போன தடவை வாங்கினேனே, அதே பேரு” என்று சொல்லி வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். “ஒவ்வொரு 5 மில்லியிலும்” என்று தொடங்கும் பொடி எழுத்துப் பட்டியல்தான் உண்மையான பெயர்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு சளி சிரப்பின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 5 மில்லியில் அம்ப்ராக்சால் 30 மில்லிகிராம், குவைஃபெனசின் 50 மில்லிகிராம், லெவோசால்பூட்டமால் 1 மில்லிகிராம். பெரியவர்களுக்குக் குவைஃபெனசின் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் 10 மில்லி குடித்தாலும் 100 மில்லிகிராம்தான், குறைந்தபட்ச அளவான 200-ல் பாதிதான் கிடைக்கிறது. “கேட்கவே இல்லை” என்று இன்னும் ரெண்டு மூடி ஊற்றிக் குடிப்பது இதனால்தான் ஆபத்து. குவைஃபெனசின் ஏறும்போது கூடவே லெவோசால்பூட்டமாலும் ஏறும். அது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. வீசிங் இருப்பவர்களுக்கு உதவுவது. அதிகமானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். என் அப்பா ஒருமுறை இப்படி அளவு பார்க்காமல் குடித்துவிட்டு, காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் விரல் நடுங்க உட்கார்ந்திருந்தார். வயசாகிவிட்டது என்று அவரே நினைத்துக்கொண்டார். சிரப்பை நிறுத்திய மறுநாள் நடுக்கம் போய்விட்டது. இதயத் துடிப்பில் கோளாறு, தைராய்டு போன்ற பிரச்சினை உள்ளவர்கள் இந்த வகையை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொரு பழக்கம், சளி சிரப்போடு சேர்த்து ஒரு ஜலதோஷ மாத்திரையையும் போட்டுக்கொள்வது. அந்த மாத்திரையில் பெரும்பாலும் பாரசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் மூன்றும் இருக்கும். குளோர்ஃபெனிரமின் மூக்கொழுகலை உலர்த்தும். நெஞ்சுச் சளியையும் சேர்த்துக் கெட்டியாக்கிவிடும். சிரப் இளக்கப் பார்ப்பதை மாத்திரை இறுக்குகிறது. தூக்கமும் வரும், பைக் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றக்கூடியது. காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு 650 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையும் போட்டால் அந்த மருந்து இரட்டிப்பாகிறது.

பிரஷர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை எடுக்கும் சிலருக்கு அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொடுக்கும். தொண்டையில் ஏதோ குறுகுறுவென்று இருக்கும், சளி வராது, வாரக்கணக்கில் நிற்காது. இவர்கள் பாட்டில் பாட்டிலாகச் சளி மருந்து குடித்தும் பயன் இருக்காது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் இருமலைச் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார். இதைச் சொல்லாமலே மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

“இங்கிலீஷ் மருந்து வேண்டாம், நாட்டு மருந்துதான்” என்பவர்களுக்கு ஒரு செய்தி. ப்ரோம்ஹெக்சின் என்பது நம் வேலியோரத்து ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது. அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. ஆகவே ஆடாதோடை மணப்பாகையும் ப்ரோம்ஹெக்சின் சிரப்பையும் சம்பந்தமில்லாதவை என்று நினைத்து ஒன்றாகக் குடிக்க வேண்டாம். ஆடாதோடைக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு. கர்ப்பிணிகள் “இலைதானே” என்று எடுக்கக் கூடாது. அவர்கள் எந்தச் சளி மருந்தானாலும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப் புண் உள்ளவர்களும் அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின் இரண்டிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அளவுக்கு வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள். பாயசத்துக்குப் போடுகிற ஸ்பூன் ஒன்று, குழம்பு பரிமாறும் கரண்டி ஒன்று; இரண்டையும் நாம் ஸ்பூன் என்றுதான் சொல்கிறோம். பாட்டிலோடு வரும் மூடியில் கோடு போட்டிருக்கும், அதைக் கண் மட்டத்தில் வைத்து ஊற்றுங்கள். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை இல்லாத சிரப்பைக் கேட்டு வாங்கலாம். சிலருக்கு அதிலுள்ள சார்பிட்டால் வயிற்றைக் கலக்கும். தண்ணீர், கஞ்சி, ரசம் என்று வெதுவெதுப்பாக அடிக்கடி குடியுங்கள். உடம்பில் நீர் குறைந்தால் சளி இறுகும்.

இனி குழந்தைகள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் ஒரு இருமல் சிரப் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அதே அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத நல்ல மருந்துக்கும் இது பொருந்தும். சின்னக் குழந்தைக்கு அதனால் நன்மை குறைவு, அபாயம் அதிகம். அக்காள் குடித்த மிச்ச பாட்டிலிலிருந்து தம்பிக்கு அரை மூடி ஊற்றுகிற பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் ஒரு சின்ன ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தில் குழந்தைக்கு ஆவி பிடிக்கவைப்பதும் வேண்டாம், வெந்நீர் கொட்டிக் காயப்படும்.

கடைசியாக, நாள் கணக்கு. சாதாரணச் சளி இருமல் ஓய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அது இலவசம். அடுத்த பாட்டிலுக்குக் கொடுக்கப்போகும் பணத்தில் பஸ் ஏறிப் போய்விடலாம். சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, எடை குறைதல், மாலையில் காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிளம்புங்கள். போகும்போது வீட்டில் குடித்த சிரப் பாட்டிலையும் தினமும் போடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.