பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு ஹீட்சிங்க் வாங்கும் முன்

பெட்டியில் ‘எல்ஜிஏ 2011’ என்று சாக்கெட்டின் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பெயர் போட்டிருப்பதை மட்டும் நம்பி, பிராசசரின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்கை வாங்கிவிடாதீர்கள். இன்டெலின் ஸியான் பிராசசர் உள்ள பழைய கணினிகளில் அந்தச் சாக்கெட் இரண்டு விதம். திருகுத் துளைகளின் இடைவெளி ஒன்றில் 80க்கு 80 மி.மீ. சதுரம், மற்றதில் 56க்கு 94 மி.மீ. செவ்வகம். ஒன்றுக்கானது மற்றதில் உட்காரவே உட்காராது. பழையதைக் கழற்றி, துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துவிடுங்கள்.

அடுத்த வம்பு, ஹீட்சிங்க்கோடு வரும் விசிறியின் இணைப்பு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 4 பின். பெரிய நிறுவனங்களின் மதர்போர்டுகள் சிலவற்றில் 5 அல்லது 6 பின் இருக்கும். பொருந்தாததை மாட்டினால், கணினியைப் போடும்போதெல்லாம் விசிறிப் பிழை காட்டி நிற்கும். அதனால் அதே மாடலிலிருந்து கழற்றிய அசல் பாகமே என் தேர்வு. பிராசசர் வெளிவிடும் சூடு 140 வாட் என்றால், 95 வாட்டுக்கான மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள்.