பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் போடாதீர்கள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு, ஹட்டன் பக்கம் தன்னார்வலர்களாக வந்து இறங்கும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சென்னையோ லண்டனோ, எங்கிருந்து வந்தாலும் அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையே திரும்ப அடிக்கிறார்கள். ஸ்வெட்டர், குடை பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விடுவோம்.

வேலை நேரத்தில் கூட்டம்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் நாள் தொடங்குகிறது. தோட்டம் சொன்ன கிலோவை எடுத்தால்தான் முழுப் பேர். அது 18 ஆகவும் இருக்கும், 20 ஆகவும் இருக்கும். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று நிறுவையில் வேறு கழிப்பார்கள்.

இது தெரியாமல் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், வந்த சூட்டோடு போஷாக்குக் கூட்டம் வைத்தார். வார நாள், பகல் இரண்டு மணி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில். "அக்காங்க எல்லாரும் வர்றேன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றார். வரத்தான் செய்வார்கள். கடல் தாண்டி வந்த பிள்ளை கூப்பிடும்போது முகத்துக்கு நேரே மாட்டேன் என்பார்களா? இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள். ப்ரொஜெக்டர் மக்கர் பண்ணி, ஒருவழியாகக் கீரை, முட்டை என்று பேசி முடிக்க நாலு மணி. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பார்த்தால் பலருக்கும் கிலோ போதவில்லை. அரைப் பேர்தான். முட்டை வாங்குகிற காசைப் பறித்துவிட்டு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறோம்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையேண்ணா" என்றார் தம்பி. சொல்ல மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார்கள். நாமும் "மக்களிடம் ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதிவிடுவோம்!

சரி, ஞாயிறு? அன்றும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு விறகு, துணி, டவுன். சம்பள நாளை நினைத்தே பார்க்காதீர்கள். நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் போய் நின்று பேசுங்கள். பத்து நிமிஷம் போதும், ப்ரொஜெக்டரும் வேண்டாம். பெரிய கூட்டம்தான் வேண்டுமென்றால் நாளையும் நேரத்தையும் அவர்களே சொல்லட்டும்.

"இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?"

தமிழ்நாட்டுக்காரர்கள் பாசமாகத்தான் கேட்கிறோம். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளான இந்தத் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் இவர்களைப் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு பாட்டி "நமக்கு நோர்வூட்" என்று இங்குள்ள ஊரையே சொன்னால் அதோடு நிறுத்துங்கள். அதற்கு முந்தையதை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

சுற்றுலா விசா

அதில் வந்து தொண்டு வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும்தான்.

அட்டை

காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள். காலுறைக்கு மேல் முன்கூட்டியே சவர்க்காரம் தேயுங்கள்.

ஒரு வீட்டில் மட்டும் பிளேன்டீ

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லா வாசலும் ஒரே வரிசை. முதல் வீட்டுக் காம்பராவில் பாலில்லாத அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு மூன்றாவதில் "வேண்டாம்" என்றால் ராத்திரிக்குள் லயம் முழுக்கத் தெரியும். வயிறு தாங்காதென்றால் எல்லா வீட்டிலும் அரைக் கோப்பையாகக் கேளுங்கள். கூடவே உள்ளங்கையில் சீனி வைத்துத் தருவார்கள், அதையும் மறுக்காதீர்கள்.