நடுவழியில் ஏர் பெல்லோ வெடித்தால்

லாரி, பஸ்ஸில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக எடையைத் தாங்கும், காற்று நிரம்பிய ரப்பர் பைதான் ஏர் பெல்லோ. வண்டியின் பின்பக்கம் ஒருபுறம் சாய்ந்தாலோ, புஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்டாலோ சமதளத்தில் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பெல்லோவை அல்ல, பிரேக் காற்று மீட்டரை. 60 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் வண்டியை நகர்த்தவே கூடாது.

கசிவைத் தேட சோப்புத் தண்ணீர் போதும். பெல்லோ நன்றாக இருந்தும் வண்டி தாழ்ந்தால், பெரும்பாலும் லெவலிங் வால்வின் (பெல்லோவில் காற்றை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தைச் சீராக வைக்கும் வால்வு) இணைப்புக் கம்பி கழன்றிருக்கும்; பழைய நீளத்துக்குக் கட்டுக்கம்பியால் கட்டினால் பட்டறை வரை தாங்கும்.

பெல்லோ கிழிந்திருந்தால் அதற்குக் காற்று வரும் ஹோஸை மட்டும் அடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். மறுபக்கம் மட்டும் தூக்கி நிற்கும், லோடு வண்டி வளைவில் கவிழலாம். லெவலிங் வால்வின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, வால்வின் லீவரைக் காற்று வெளியேறும் பக்கம் (வழக்கமாகக் கீழே) தள்ளிக் கட்டுங்கள். இரு பக்கமும் இறங்கி, காற்று இல்லாதபோது எடையைத் தாங்கும் ரப்பர் ஸ்டாப்பில் உட்காரும், டேங்க் காற்றும் வீணாகாது. அப்போது அடியில் யாரும் இருக்கக்கூடாது; ஜாக்கை மட்டும் நம்பியும் நுழையாதீர்கள்.

டயர் மட்கார்டில் உரசாவிட்டால் மட்டும் 20 கி.மீ. வேகத்தில், பள்ளம் பார்த்து, பக்கத்துப் பட்டறை வரை. உரசினால் ரெக்கவரி வண்டிதான்.