கூரையைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள்: வீட்டு வேலையில் பணம் தின்னும் தவறுகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை, அதாவது குடியிருப்பை, சுற்றி வந்தால் வீட்டுக்கு வீடு ஏணி சாய்த்திருக்கும். ஏறி நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள். எஸ்டேட் தோட்டத்தில் இருந்தவரை தொழிலாளர் லயத்து வீடு ஒழுகினால் ஆபீசில் சொல்வோம், தச்சர் வருவார். சொந்த வீடு வந்த பிறகு தச்சர் வேலையும் நம் தலையில்தான். ஆள் கூலி இப்போது இருக்கும் நிலையில் பிள்ளைகள் தாங்களே சுத்தியலை எடுப்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் என் தலைமுறை செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அளக்காமல் பலகை அறுப்பது, பெயிண்டைக் கலக்காமல் பூசுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் புரிந்துவிடும், நஷ்டமும் சின்னது.

தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிமெண்ட்

நம் பக்கம் அநேகமாக எல்லா வீட்டிலும் அடுப்படியைப் பின்னால் நீட்டிக் கட்டியிருப்பார்கள். பழைய சுவரில் சட்டம் அறைந்து, அதன் மேல் ஜிங்க் தகரத்தைச் சாய்வாகப் போட்டிருக்கும். தகரம் சுவரைத் தொடுகிற அந்தக் கோடுதான் முதலில் ஒழுகும். இடைவெளி கண்ணுக்குத் தெரிவதால் கை தானாகச் சிமெண்ட் வாளிக்குப் போகிறது. பூசி முடித்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அது நிற்காது. உச்சி வெயிலில் தகரம் சூடேறி நீளும். நாலு மணிக்கு மழை கொட்டியதும் சட்டென்று சுருங்கும். சுவர் அப்படி அசையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சிமெண்ட் வெடிக்கத்தான் செய்யும். அதைவிட மோசம், ஈரச் சிமெண்டின் காரம் தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். வெடிப்பில் தண்ணீர் தங்கும், பூச்சு போன இடத்தில் துரு ஏறும். இதெல்லாம் சிமெண்டுக்கு அடியில் நடப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

எங்கள் வரிசையில் ஒரு தம்பி, "அண்ணே, அடைச்சு அடைச்சுப் பார்த்துட்டேன், இன்னும் சொட்டுது" என்று வந்தார். ஏறிப் பார்த்தேன். சிமெண்ட், அதன் மேல் சிலிக்கோன், அதற்கும் மேல் தார். அந்த சிலிக்கோனும் விலை குறைந்த ரகம், பூசும்போது வினிகர் வாடை அடிப்பது. அந்த வாடை அசெட்டிக் அமிலத்தின் வாடை. கண்ணாடிக்கு அது சரி, ஜிங்குக்கு ஆகாது. சுரண்டியபோது சிமெண்டோடு தகரத்தின் விளிம்பும் கையோடு வந்தது. கீழே இருந்த சட்டம் விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. ஒரு நீளத் தகரமும் ஒரு ட்யூப் சிலிக்கோனும் வாங்கி முடித்திருக்கலாம். கடைசியில் தகரம், சட்டம், சீலிங் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அம்மா தீபாவளிக்கென்று கட்டி வந்த கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம், அதில் போனது. சிமெண்ட் வைத்து அடை என்று அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவர் கூலி வாங்கிய ஒரு கொத்தனார். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரியான வழி இதுதான். தகரத்துக்குச் சற்று மேலே சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்கு நீளமாகக் காடி, அதாவது பள்ளக்கோடு, வெட்டுங்கள். மடித்த தகரத்தை, கடையில் ஃபிளாஷிங் என்று கேட்டால் தருவார்கள், அதன் மேல் விளிம்பைக் காடிக்குள் செருகுங்கள். கீழ்ப்பகுதி கூரையின் மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் படிய வேண்டும். சுவரோடு மட்டும் இறுக்குங்கள், கூரையோடு இறுக்கிவிடாதீர்கள். அப்போதுதான் கூரைத் தகரம் அடியில் நகர முடியும். காடியை அடைக்க நியூட்ரல் என்று எழுதிய சிலிக்கோன் வாங்குங்கள்.

அங்கே ஏறியிருக்கும்போதே ஸ்குரூக்களையும் பாருங்கள். அலைத் தகரத்தில் ஸ்குரூ மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடும் தண்ணீர் முழுவதும் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் போகும். ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் சீக்கிரம் வெடித்துவிடும். கூரைச் சரிவு 5 டிகிரிக்கும் குறைவு என்றால் எந்தப் பூச்சும் உதவாது, சட்டத்தைத்தான் உயர்த்த வேண்டும். தகரத்தைக் கிரைண்டரில் வெட்டாமல் தகரக் கத்தரியில் வெட்டுங்கள். தீப்பொறி விழுந்த இடமெல்லாம் பிறகு துருப்புள்ளியாகும்.

சொட்டும் இடத்தில் ஓட்டையைத் தேடுவது

தண்ணீர் மேலே ஓர் இடத்தில் நுழையும், சட்டத்தோடு ஊர்ந்து வந்து வேறு இடத்தில் சொட்டும். மழை இல்லாத நாளில் ஒருவர் ரப்பர் குழாயோடு மேலேயும் ஒருவர் டார்ச்சோடு உள்ளேயும் நில்லுங்கள். கீழ் விளிம்பில் தண்ணீர் விடத் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் பிடிபடாது.

ஈரச் சுவரில் தீபாவளிப் பெயிண்ட்

மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் நல்ல மழைக்காலம். நாம் பெயிண்ட் அடிக்கத் தேர்ந்தெடுப்பதும் அதே நேரம்! கூரை வேலையை ஜூன், ஜூலையில் முடித்துவிட்டால் சுவர் காய நாள் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்முத்து இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, பூசினால் உரியும். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் என்றால் 4 வாரமாவது விடுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை

துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், உடைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி பல வருடம் கழித்து நோயாக வரும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் அந்தத் துண்டுகள் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

வயரிங்

பதிவு பெற்ற வயர்மேன் செய்யட்டும். வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி, தனியாக இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

ஏணி

கீழே ஒருவர் பிடிக்காமல் ஏறாதீர்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் வேலை ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும்.