டவர் இல்லாத மலையில் உதவி கேட்பது எப்படி?

சூரியநெல்லியைத் தாண்டி கொழுக்குமலைப் பக்கம் ஏறினால், பல வளைவுகளில் போனில் டவர் இருக்காது. எங்கள் தமிழக-கேரள எல்லை மலைகளில் நடக்க வரும் புதியவர்கள் இதை மனதில் வைத்தே கிளம்ப வேண்டும்.

படி 1: வீட்டில் ஒரு சீட்டு

எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது இறங்குவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். "ஏழு மணிக்குள் போன் வராவிட்டால் அவசர உதவி எண் 112-க்குச் சொல்லுங்கள்" என்ற வரியையும் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், டவர் கிடைக்காமல் இருக்கும் என்று நினைத்து வீட்டார் விடியும்வரை காத்திருப்பார்கள். வனத்துறை அனுமதியும் கட்டாயம். உங்கள் பெயர் அவர்கள் ஏட்டில் இருந்தால்தான் எங்கே தேடுவதென்று தெரியும்.

படி 2: வழி தவறினால் நில்லுங்கள்

ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். நம்பாதீர்கள். இங்கே ஓடை அருவியில் போய் விழும். யானையும் தண்ணீருக்கு அங்கேதான் வரும். கண்ணுக்குத் தெரியும் பாறை மேட்டில் சேர்ந்து உட்காருங்கள்.

படி 3: போன்

டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கிவிடும். ஃபிளைட் மோடில் போட்டு, அவ்வப்போது மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் டவர் தேவையில்லை. மேப் செயலியில் உங்கள் இடத்துக்கு வரும் இரண்டு எண்களையும் (அட்சரேகை, தீர்க்கரேகை) தாளில் குறியுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர்வரை இடம் சொல்லிவிடலாம்.

உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 போகும். எல்லையில் அழைப்பு தமிழகத்துக்கும் போகலாம், கேரளத்துக்கும் போகலாம். அதனால் எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்பதை முதலில் சொல்லுங்கள். பேச்சு அறுந்தால் வீட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மெல்லிய சிக்னலிலும் அது போய்ச் சேரும்.

வெளிநாட்டு உறவினர் தந்த சாட்டிலைட் போனைக் கொண்டுவராதீர்கள். அரசு அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

படி 4: விசில்

கத்தினால் தொண்டை கட்டிவிடும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஊதுங்கள். இரவில் டார்ச்சாலும் இப்படியே. பதிலாக மூன்று முறை கேட்டால், உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று அர்த்தம். இருந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள்.

கோடையில் தீ

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். சரிவில் மேலே ஓடாமல் வெறும் பாறைக்கோ, எரிந்து அடங்கிய தரைக்கோ போங்கள்.

பத்திரமாக இறங்கியதும் சீட்டு கொடுத்தவருக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்லுங்கள். இல்லையென்றால் இருட்டில் உங்களைத் தேடி வாட்ச்சர்கள் காட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்கள்.