பைக் செயினில் பிசுக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முடிந்ததும் செயினில் கறுப்புக் களிம்பு போல ஏறியிருக்கும் பிசுக்கைத் தாங்களே எடுக்கலாம் என்று பலர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்காருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கையில் பெட்ரோல் பாட்டிலும் இன்னொரு கையில் கம்பி பிரஷும் இருப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பட்டறைகளில் ஒரு தலைமுறையே செய்து அனுபவித்த தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கையுறை போடுங்கள், பழைய சட்டை போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் செய்வதையும், தெரிந்தே அலட்சியமாகச் செய்வதையும் பார்ப்போம்.

என்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்காதீர்கள்

விரல் போகும். சாவியை உருவி வைத்துவிட்டு, நியூட்ரலில் கையால் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். துணியைக் கீழ்ப்பக்கச் செயினில், பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) கொஞ்சம் முன்னால் பிடியுங்கள். அந்தத் திசையில் சுற்றினால் செயின் அங்கே பல்லிலிருந்து வெளியே வரும். துணியை உள்ளே இழுக்காது. சுற்றும்போது என்ஜினை ஒட்டிய சின்ன ஸ்பிராக்கெட் பக்கம் கையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஓ-ரிங் செயினைச் சாதா செயின் போலக் கழுவுவது

இதுதான் பெரிய செலவு வைக்கும் தவறு. இன்றைக்கும் நல்ல கைத்தேர்ச்சி உள்ள மெக்கானிக்குகளே இதைச் செய்வதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

100 சிசி கம்யூட்டர் வண்டிகளில் மூடிய கவருக்குள் ஓடும் சாதா செயினுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. லாக்கைக் கழற்றி, செயினை உருவி, மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, காயவைத்து, ஆயிலில் முக்கி எடுத்து மாட்டுவார்கள். அந்தச் செயினுக்கு அது சரியான முறை. பின்னுக்கும் (செயின் கண்ணிகளைக் கோக்கும் ஆணி) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் (குழல்) நடுவே வெளியிலிருந்து ஆயில் போகும் வழி திறந்தே இருக்கிறது. கழுவினால் அழுக்கு வெளியே வரும், ஊற்றினால் ஆயில் உள்ளே போகும்.

ஓ-ரிங் செயின் அப்படி இல்லை. ஒவ்வொரு பின்னிலும் உள்பிளேட்டுக்கும் வெளிப்பிளேட்டுக்கும் இடையே சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் வளையம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையில் அடைத்த கிரீஸை வெளியே விடாமலும், தூசியையும் தண்ணீரையும் உள்ளே விடாமலும் காப்பது அந்த வளையம்தான். அந்த கிரீஸ் ஒருமுறை போனால் போனதுதான். எந்த ஸ்பிரேயாலும், எந்த ஆயிலாலும் அதை மறுபடி உள்ளே நிரப்ப முடியாது. டியூக், ராயல் என்ஃபீல்டு 650 போன்ற வண்டிகளில் இருப்பது இந்த ஓ-ரிங்கோ, அதன் உறவான எக்ஸ்-ரிங்கோதான். உங்கள் செயின் எந்த வகை என்று தெரியாவிட்டால் இரண்டு பிளேட்டுகளுக்கு இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாகவோ வேறு நிறத்திலோ ரப்பர் விளிம்பு தெரிந்தால் சீல் செயின்.

இந்த வளையம் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். மண்ணெண்ணெய் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் அதற்கு ஆகாது. ரப்பர் முதலில் உப்பும், காய்ந்ததும் சுருங்கி இறுகும், பிறகு வெடிக்கும். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனாலும் கலந்து வருகிறது. கம்பி பிரஷ் இன்னும் வேகமாக வேலையை முடித்துவிடும். ஒரே தேய்ப்பில் வளையத்தின் வெளி விளிம்பைக் கிழித்துவிடும். மண்ணெண்ணெயிலேயே ராத்திரி முழுக்க ஊறப்போடுவதும் வேண்டாம். கழுவி, பத்து நிமிடத்துக்குள் துடைத்துவிட வேண்டும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், தவறு செய்த அன்று எதுவும் தெரியாது. செயின் பளபளவென்று புதிது போல இருக்கும். சில மாதம் கழித்துப் பிளேட்டுகளுக்கு இடையிலிருந்து செம்பழுப்புத் தூள் கசிய ஆரம்பிக்கும். அது வெளியிலிருந்து ஒட்டிய மண் இல்லை. உள்ளே கிரீஸ் இல்லாமல் பின்னும் புஷ்ஷும் அரைபட்டுத் துருவாகி வருவது. அடுத்து சில லிங்குகள் மடங்காமல் விறைத்து நிற்கும். எல்லாப் பின்னும் ஒரே அளவில் தேயாததால் ஒரு இடத்தில் செயின் ஆட்டம் (மேலும் கீழும் ஆடும் அளவு) 25 மி.மீ. இருக்கும், சக்கரத்தைப் பாதி சுற்றினால் 45 மி.மீ. இருக்கும். தளர்ந்த இடத்தைப் பார்த்துச் செயினை டைட் செய்தால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் அது சின்ன ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கையும் பின்சக்கர பேரிங்கையும் இழுத்துக்கொண்டே ஓடும். செயின் செட்டோடு முடிய வேண்டிய செலவு கியர்பாக்ஸ் வரை போவது இப்படித்தான். கடைசியில் பழி செயின் கம்பெனி மேல் விழும்.

சரியான வழி ரொம்பச் சுலபம். 200 முதல் 250 மி.லி. மண்ணெண்ணெய் போதும். கீழே அட்டை விரித்து, பழைய டூத் பிரஷை நனைத்து, ஒரு முறைக்கு ஒரு சாண் நீளம் என்று நான்கு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, உடனே பனியன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். இறுகிய பிசுக்கு ஒரே சுற்றில் போகாவிட்டால் இன்னொரு சுற்று. பிரஷில் அழுத்தம் கூட்ட வேண்டாம். ரேஷன் மண்ணெண்ணெய் அரிதாகிப்போனதால் பலர் பெட்ரோலுக்குத் தாவுகிறார்கள். அதற்குப் பதில் ஓ-ரிங்குக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியுள்ள செயின் கிளீனர் ஒன்று வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் டீசல் பரவாயில்லை. எண்ணெய்ப் படலம் விட்டுவைக்கும் என்பதால் துடைப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

பெட்ரோலுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அடுக்குமாடிகளில் வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஈபி மீட்டர் பலகை இருக்கும். ஒரு பொறி போதும்.

ஆசிட், காஸ்டிக் சோடா

துருவும் பிசுக்கும் சேர்ந்து ஏறிய செயினைக் கழிவறை ஆசிட்டில் முக்கி எடுத்தால் வெள்ளி போல மின்னும். ஆசிட் இரும்போடு சேரும்போது கிளம்பும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு பிளேட் ஓடும். பாரம் ஏறும் நேரத்தில் அறும். அறுந்த செயின் பின்சக்கரத்தைப் பூட்டலாம், இல்லையென்றால் கிராங்க்கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். துரு அந்த அளவுக்கு ஏறியிருந்தால் செயினை மாற்றுவதுதான் வழி.

காஸ்டிக் சோடாவும், அது கலந்த அடுப்பு கிளீனர்களும் அலுமினியத்தை அரிக்கும். அலாய் வீல், கியர்பாக்ஸ் கவர், சில வண்டிகளில் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) எல்லாம் அலுமினியம். பட்ட இடம் நுரைத்துக் கறுத்துப்போகும். அந்தக் கறை கழுவினால் போகாது, மெருகேற்றித்தான் எடுக்க வேண்டும்.

சின்ன ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றாமல் விடுவது

வெளியே தெரியும் செயினை மினுக்கிவிட்டு, முன்கவருக்குள் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ந்திருக்கும் மண்ணும் கிரீஸும் கலந்த சேற்றை அப்படியே விட்டால், கழுவிய செயின் முதல் கிலோமீட்டரிலேயே அதை மறுபடி பூசிக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு மூன்று போல்ட்தான். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்று அட்டையில் குத்தி வையுங்கள்; நீளம் மாறினால் மரை போகும்.

கழற்றியதும் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். வெளித்தண்டைச் சுற்றி ஆயில் சீல் இருக்கிறது. பல வண்டிகளில் நியூட்ரல் சுவிட்ச் ஒயரும் அங்கேதான் போகும். சீலின் உதட்டில் ஒரு கீறல் விழுந்தால் அன்றிலிருந்து என்ஜின் ஆயில் ஒழுகும். ஐஸ் குச்சியோ, தட்டையாகச் சீவிய மூங்கிலோ கொண்டு மொத்தமாக வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். நேராக ஊற்றினால் கரைந்த மண் சீல் பக்கம்தான் ஓடும்.

வாட்டர் வாஷ் துப்பாக்கியைச் செயினுக்கு நேராகப் பிடிப்பது

வேண்டாம். அந்த அழுத்தம் ஓ-ரிங்கைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும். சக்கர பேரிங்குக்கும் அதே கதி.

சக்கரத்தைக் கழற்றினால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடுவது

பெரிய ஸ்பிராக்கெட்டை மண்ணெண்ணெயில் போடலாம். அதன் பின்னால் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருக்கும், இழுப்பின் உதறலைத் தாங்கும் கப்ளிங் ரப்பரைப் போடக்கூடாது. எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும், திரும்ப அதன் இடத்தில் உட்காராது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் போதும். பேரிங் எண் 2ஆர்எஸ் என்று முடிந்தால் இருபக்கமும் ரப்பரால் மூடியது. வெளியே துடைப்பதோடு சரி. திறந்த பேரிங்கைக் கழுவினாலும் ஏர் கம்ப்ரஸரால் விர்ரென்று சுழலவிடாதீர்கள். ஆயில் இல்லாமல் சுழலும் பந்துகள் தடத்தைக் கீறிவிடும், பேரிங் சிதறி முகத்தில் அடிக்கவும் கூடும்.

பிரேக் டிஸ்க்கை மூடாமல் வேலை தொடங்குவது

ஒரு பிளாஸ்டிக் பை போதும். எண்ணெய் குடித்த பிரேக் பேடை மாற்றத்தான் வேண்டும்.

ஈரத்தின் மேலேயே ஆயில் போடுவது, கிரீஸ் அப்புவது

மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போதே போட்ட ஆயில் நீர்த்துப்போய், கிளம்பியதும் சக்கரத்தில் தெறிக்கும். நன்றாகத் துடைத்து அரை மணி நேரமாவது காயவிடுங்கள். கிரீஸை அள்ளி அப்புவது அடுத்த தவறு. கிரீஸ் ரோலருக்குள் இறங்காது. வெளியே நின்று சாலை மணலையெல்லாம் பிடித்துக்கொண்டு, உப்புத்தாள் போல ஸ்பிராக்கெட் பல்லைத் தேய்க்கும். பழைய என்ஜின் ஆயிலிலும் உலோகத் துகளும் கரியும் இருக்கின்றன, அதுவும் வேண்டாம்.

பல வண்டிகளின் மேனுவலில் சொல்லியிருக்கும் எஸ்ஏஇ 90 கியர் ஆயிலோ, ஓ-ரிங்குக்கான லூப் ஸ்பிரேயோ போதும். கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில், ரோலரும் பிளேட்டும் சேரும் கோட்டில், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இரண்டு சுற்று விடுங்கள். வண்டி ஓடும்போது அது தானே வெளிப்பக்கம் நகரும். ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பது நல்லது. கிளம்பும் முன் மிகுந்ததைத் துடைத்துவிட்டு, டயர் ஓரத்தில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

செயின் சுத்தமாக இருக்கும்போதே தேய்மானத்தையும் அளந்துவிடுங்கள், அழுக்கோடு அளந்தால் சரியாக வராது. செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 21-வது பின்னின் நடுவரை ஸ்கேல் வையுங்கள். புதிய 520 செயினில் அது 317.5 மி.மீ., 428 செயினில் 254 மி.மீ. (520, 428 என்பவை செயினின் அளவு எண்கள்). 520 செயினில் 3 மி.மீ. கூடியிருந்தால் மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றுவதென்றால் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.